தோல் ஷூ ஏன் கடிக்கிறது: குப்பத்து வாத்தியாருக்கு ஒரு பதில்

குப்பத்திலிருந்து ஒரு தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். வயது 54. தினமும் ஆறு பீரியட் நின்றபடியே பாடம் எடுக்கிறார். சித்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய நைனா கடைசி வரை ஒரே மாதிரி கறுப்புத் தோல் ஷூதான் போட்டாராம். அவர் விட்டுப்போன ஜோடி இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதே ஜாடையில் ஒன்று வேண்டும் என்று தேடி, இவர் போன மாதம் வாங்கியிருக்கிறார். வழக்கமாகப் போடும் 8-ஆம் நம்பர் முன்பக்கம் இறுக்கியதால் 9 எடுத்தாராம். ஒரே வாரத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம், சுண்டுவிரல் ஓரத்தில் எரிச்சல். “தோல் ஷூ முதலில் கடிக்கத்தான் செய்யும், போடப் போடப் பழகிவிடும்” என்கிறார் கடைக்காரர். “அதெல்லாம் அந்தக் காலம், ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கோங்க” என்கிறாள் மகள். யார் பேச்சைக் கேட்பது என்பது கேள்வி. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

சார், அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன், விரிவாகவே வருகிறேன். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: கொப்புளம் முழுதாக ஆறி, தோல் மூடும் வரை அந்தப் புது ஷூவைத் தொடாதீர்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 26 வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் சாம்பிள் செய்யும் அறையில் லாஸ்டிங் வேலை, அதாவது மேல்தோலைக் கட்டையில் இழுத்துப் பொருத்தும் வேலை. இப்போது பேர்ணாம்பட்டில் வீட்டு முன்னறையிலேயே கையால் ஷூ தைக்கிறேன், பழையதற்குச் சோல் மாற்றுகிறேன். பத்தலப்பல்லி மலைப்பாதை வழியாக வி.கோட்டா, பலமநேர் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது உங்கள் கதையேதான்: “நம்பர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கடிக்கிறது.”

கடைக்காரர் சொன்ன அந்தப் பேச்சை முதலில் தள்ளிவிடுங்கள். வாங்கிய அன்றைக்குக் கடிக்கிற ஷூ கடைசி வரை கடிக்கும். கொஞ்ச நாளில் வலி குறைவது போலத் தெரிந்தால், அந்த இடத்தில் உங்கள் தோல் காய்த்துவிட்டது என்றுதான் அர்த்தம். அப்புறம் அந்தக் காய்ப்பு கால் ஆணியாகும். புது ஷூ விறைப்பாக இருக்கலாம், சோல் மடங்கச் சற்று முரண்டு பிடிக்கலாம், அது இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். விறைப்பு வேறு, கடி வேறு. ஓர் இடத்தில் மட்டும் அழுத்தி, அங்கே சிவந்தால் அது கடி.

உங்களுக்கு இரண்டு இடத்தில் வலி, ஆனால் கோளாறு ஒன்றுதான். ஷூவை ஒரு கட்டையின் மேல்தான் இழுத்து வடிவாக்குகிறோம், கம்பெனியில் அதை லாஸ்ட் என்போம். காலுக்குப் பதிலாக நிற்கும் கட்டை அது. அதன் நீளம், முன்பாதத்தின் சுற்றளவு, விரல் பக்கம் எவ்வளவு குறுகுகிறது, எந்த இடத்தில் மடங்குகிறது, எல்லாம் அந்தக் கட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. டப்பாவில் போட்டிருக்கும் நம்பர் இதில் நீளத்தை மட்டும்தான் சொல்லும். நம் கடைகளில் நடப்பில் உள்ள ஆங்கில நம்பரில் ஒரு நம்பர் கூடினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம் கூடும். சுமார் எட்டரை மில்லிமீட்டர். முன்பாதத்தைச் சுற்றி நாடா பிடித்தால் வரும் சுற்றளவு சுமார் 6 மில்லிமீட்டர்தான் கூடும். சுற்றிலும் 6 என்றால், குறுக்கு அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் வந்தால் அதிகம். அந்த இரண்டு மில்லிமீட்டருக்காக எட்டரை மில்லிமீட்டர் வேண்டாத நீளத்தை நீங்கள் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த நீளம் சும்மா இருக்காது. நடக்கும்போது கால் மடங்குவது பெருவிரலின் அடிமூட்டில். ஷூவும் தன் அகலமான இடத்தில்தான் மடங்கும். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால் ஷூ காலோடு போகும். ஷூ நீளமாகிவிட்டால் உங்கள் மூட்டு அந்த மடிப்புக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. கால் ஓரிடத்தில் மடங்குகிறது, ஷூ வேறிடத்தில் மடங்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எழும்பி, பின்பக்கம் கவுண்டர் என்று சொல்லும் விறைப்பான பகுதியில் உரசி இறங்குகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை அது நடக்கும்போது கொப்புளம் வராமல் என்ன செய்யும்? பின்னால் பிடி இல்லாததால் கால் முன்னே வழுக்குகிறது. அங்கே ஷூ குறுகத் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போய் முட்டுகிறது. நீங்கள் இறுக்கத்துக்குப் பயந்து 9 எடுத்தீர்கள். இறுக்கம் அப்படியே இருக்க, தளர்ச்சியும் கூட வந்து சேர்ந்துவிட்டது.

உங்களுக்கு வேண்டியது 8-ஆம் நம்பரிலேயே அகலமான ஷூ. அகலத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதை எழுத்தால் குறிப்பார்கள்: எஃப், ஜி, ஹெச் என்று போகப் போக அகலம் கூடும். ஏற்றுமதிக்கு இந்த எல்லா அகலத்திலும் செய்து அனுப்பியிருக்கிறோம். உள்ளூர்க் கடையில் பெரும்பாலும் ஒரே அகலம்தான் கிடைக்கும். நம் கால்கள் பொதுவாக முன்பக்கம் அகலமானவை. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய அளவுகளைவிட நம் பாதம் அகலம் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்து ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று ஓர் அளவு முறையையும் முன்வைத்திருக்கிறார்கள். அது கடைக்குக் கடை வந்து சேர்ந்தால் உங்களைப் போன்றவர்களின் பாதித் தொல்லை தீரும். அதுவரை நம் காலை நாமே அளந்துகொள்வதுதான் வழி.

அளப்பது கஷ்டமில்லை, ஆனால் சாயங்காலம் அளக்க வேண்டும். பகல் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். உங்கள் வேலைக்கு அந்தச் சாயங்காலக் கால்தான் கணக்கு. ஷூவோடு போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, ஒரு பிரவுன் பேப்பர் மேல் இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் சுற்றி வரையட்டும், நீங்கள் குனிந்தால் பாரம் மாறிவிடும். இரண்டு காலையும் வரையுங்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு கால் பெரிதாகத்தான் இருக்கிறது. பெரிய கால்தான் அளவு. அப்புறம் அந்தக் கோட்டிலேயே கத்தரித்து, பேப்பர் பாதத்தை ஷூவுக்குள் தட்டையாகச் செலுத்திப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் உரசலாம். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் மூட்டுப் பக்கமோ பேப்பர் மடங்கி மேலே எழும்பினால், அந்த மடிப்பு அளவுக்கு உங்கள் சதை தினமும் நசுங்குகிறது என்று பொருள். கடையில் வாங்குவதற்கு முன்பே இந்தப் பேப்பரைக் கையில் கொண்டுபோங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

நீளத்தில் விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் இருந்தால் போதும். எல்லோரும் பெருவிரலை அழுத்திப் பார்ப்பார்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தோல் விரிந்து கொடுக்காதா என்று கேட்பீர்கள். கொடுக்கும், ஆனால் எல்லா இடத்திலும் கொடுக்காது. முன்பாதத்தின் பக்கவாட்டில் மேல்தோல் சில மில்லிமீட்டர் விரியும். விரல் முனையில் உள்ளே ஒரு விறைப்புத் துண்டு வைத்திருப்போம், குதிகாலைச் சுற்றிக் கவுண்டர் இருக்கும். இந்த இரண்டும் அசையாது. நீளம் ஒருபோதும் கூடாது. ஆகவே பக்கத்தில் லேசான இறுக்கம் என்றால் சரிசெய்யலாம். திருகு வைத்த விரிக்கும் கட்டையைப் போட்டு, தோலைச் சற்று ஈரமாக்கி, இரண்டு நாள் விட்டு எடுப்போம். கால் ஆணியோ பெருவிரல் மூட்டுப் புடைப்போ இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் குமிழ் வைத்து விரிப்பதும் உண்டு. ஆனால் விரலை முனை நெருக்கினால் அந்த ஷூவுக்கு வைத்தியம் கிடையாது. காலுக்குத்தான் செருப்பு, செருப்புக்குக் காலைச் செதுக்க முடியாது.

நைனாவின் ஷூ அவருக்கு அவ்வளவு சுகமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. போன ஆடி மாதம் பலமநேரிலிருந்து ஒரு பெரியவர் சோல் மாற்றுவதற்கு ஒரு ஜோடி கொண்டுவந்தார். பழைய முறையில் வெல்ட் வைத்துத் தைத்தது. வெல்ட் என்பது ஷூவின் ஓரத்தைச் சுற்றி ஓடும் தோல் வார். மேல்தோலையும் உள்ளங்காலுக்கான இன்சோலையும் இந்த வாரோடு ஒரு தையல் பிடிக்கும், இந்த வாரை அடிச் சோலோடு இன்னொரு தையல் பிடிக்கும். வெளித் தையலைப் பிரித்துச் சோலை நெம்பி எடுத்தேன். உள்ளே நிரப்பியிருந்த கார்க் கறுத்து, கெட்டித்து, அவருடைய பாதத்தின் அச்சாகவே மாறியிருந்தது. பெருவிரல் மூட்டுக்குக் கீழே ஒரு குழி, குதிகாலுக்கு ஒரு கிண்ணம், இரண்டுக்கும் நடுவே மேடு. இன்சோலின் மேல்பக்கத்தைப் பார்த்தால் ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்கால்தான் தம்பி” என்றார். அந்தக் கார்க்கை மாற்றலாமா என்று நான் யோசித்தபோது, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய தோல் ஷூவின் சுகம் முழுக்க இந்த உள்வேலையில்தான் இருக்கிறது. இரண்டு பாதத்திலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு என்பார்கள். அந்த ஈரம் எங்காவது போக வேண்டும். பட்டைப் பதனிட்ட கெட்டித் தோல் இன்சோலாக இருந்தால் அதைப் பகலில் உறிஞ்சி இரவில் விட்டுவிடும். ஈரமும் சூடும் அழுத்தமும் சேரச் சேர, அந்தத் தோல் பாதத்தின் வடிவத்துக்கு இறங்கும். நம் பாலாற்றங்கரையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், பட்டைக்குப் பதில் குரோம் உப்பால் பதனிடும் முறையைக் கொண்டுவந்த பிறகு, மெல்ல மெல்ல மேல்தோல் முழுக்கக் குரோமுக்கு மாறியது. அதில் தப்பில்லை. குரோம் தோல் மெத்தென்று மடங்கும், தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், மேலுக்கு அதுதான் பொருத்தம். பாதத்தின் அடியில் இருக்கும் இன்சோலுக்கு இன்றும் பட்டைத் தோல்தான் சிறப்பு. குரோம் சிலருக்கு ஒவ்வாமல், பாதத்தின் மேற்புறம் ஷூ தொடும் இடத்தில் மட்டும் அரித்துத் தடிக்கும். அப்படி இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், பூஞ்சை மருந்து போட்டுப் போட்டுக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

நீங்கள் வாங்கியது இந்த வகையா என்று பாருங்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ‘அசல் தோல்’ என்று முத்திரை போட்டு விற்பதில் பல, மேலே மட்டும்தான் தோல். உள்ளே கைவிட்டால் ரெக்சின், அதற்கு அடியில் ஸ்பாஞ்சு, அதற்கும் அடியில் அட்டை. ஓரத்தில் தையல் மாதிரி தெரிவது சோலில் அச்சாக வார்த்ததாகவே இருக்கும். நூலை நகத்தால் நெருடினால் தெரிந்துவிடும். பசை போட்டு ஒட்டிய ஷூ கெட்டது என்று சொல்லவில்லை, நானே அதை லட்சக்கணக்கில் செய்து அனுப்பியவன், நல்ல கட்டையில் செய்தால் அதுவும் சுகமாகவே இருக்கும். ஆனால் அது உங்கள் காலுக்குத் தகுந்தபடி உள்ளே மாறாது. நைனாவின் ஷூவைப் போல ஆகும் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

மகள் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது. சிமெண்ட் தரையில் ஆறு பீரியட் நிற்பவருக்கு, அதிலும் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலி உள்ளவருக்கு, நல்ல ஸ்போர்ட்ஸ் ஷூ உதவும். நடைப்பயிற்சிக்கு அதுதான் சரி. நான் அதில் பார்க்கும் குறை மூன்று. அடியிலுள்ள நுரை சில மாதங்களில் அமுங்கிச் செத்துவிடும், வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். சூட்டையும் வேர்வையையும் உள்ளேயே வைத்துக்கொள்வதால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் கால் ஆட்டம் காணும், வயது ஏற ஏற அது நல்லதல்ல. பாலியூரித்தேன் சோல் போட்டதை இரண்டு மூன்று வருடம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் கல்யாணத்துக்குப் போட்டால் வழியிலேயே மாவு மாதிரி உதிர்ந்துவிடும். காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் அரித்துவிடுகிறது. எத்தனை பேர் வெறுங்காலோடு வந்து என் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா! அகலம் குறைந்த ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஏராளம், அதுவும் கடிக்கும். ஆகவே உங்களுக்கும் மகளுக்கும் நடுவே இருக்கும் சிக்கல் தோலா துணியா என்பதில் இல்லை, அகலத்தில்தான் இருக்கிறது.

இப்போது சர்க்கரை விஷயம்.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. பரதராமியில் வெல்ல வியாபாரம். பேத்தி கல்யாணத்துக்காகப் புதிதாக ஒரு கட் ஷூ வாங்கினார். அன்றைக்கு முழுக்க அதைப் போட்டபடியே பந்தி பார்த்தார், விருந்தாளிகளை வரவேற்றார். ராத்திரி கழற்றும்போது சாக்ஸ் ஒட்டிக்கொண்டு வரவில்லை. சுண்டுவிரலின் வெளிப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் போயிருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. “ஷூ கடிக்கவே இல்லையே” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மஞ்சள் வைத்துக் கட்டி ஒரு வாரம் விட்டுவிட்டார்கள். கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டி வந்தது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நான் அந்தப் பந்தியில்தான் இருந்தேன், அவர் காலை ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அளவு பார்க்காமல் யாருக்கும் ஷூ கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வலி தெரியாத காலுக்குக் கடிக்கிற ஷூ என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதாகத்தான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சி போய்விட்டதால் காயத்தை அறியாமல் அவர்கள் நடந்துகொண்டே இருப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் கண்டார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சிறிய அழுத்தம்கூடப் புண்ணாகும். வலி உள்ளவன் தன்னையறியாமல் நொண்டி அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வான், வலி இல்லாதவனுக்கு அந்தக் காவல் கிடையாது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்தது. அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளுக்காக இந்தப் பக்கம் வழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதித் தருகிறார்கள். விரலால் அழுத்தினால் இறங்கி, விட்டதும் எழும்பி நிற்கும் ரப்பர் அது. ஒரே இடத்தில் விழும் பாரத்தைப் பாதம் முழுக்கப் பிரித்துவிடும்.

உங்களுக்குக் கொப்புளம் எரிகிறது, சுண்டுவிரல் வலிக்கிறது என்று எழுதியிருப்பது ஒரு வகையில் நல்ல சேதி, உணர்ச்சி இன்னும் இருக்கிறது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று இருக்கிறது. உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் சில இடங்களில் அதைத் தொடுவார்கள். தொடுவது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். ஓர் இடத்தில் தெரியவில்லை என்றாலும் இந்தப் பழைய மாடல் ஷூ ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, உயரமான உள்கூடும் எம்.சி.ஆர். இன்சோலும் உள்ள ஷூவுக்கு மாறிவிடுங்கள். அதிலும் கறுப்புத் தோலில், லேஸ் வைத்து, பள்ளிக்கூடத்துக்குப் போடும்படி செய்துகொள்ள முடியும். நானே செய்து கொடுத்திருக்கிறேன், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

உணர்ச்சி நன்றாக இருந்தாலும் சில பழக்கங்களை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். ஷூவைப் போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சாக்பீஸ் துண்டு போதும் புண்ணாக்க. சாக்ஸ் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும், சிறு கசிவும் உடனே தெரியும். கணுக்காலில் தடம் பதியும்படி இறுக்கும் சாக்ஸ் வேண்டாம். புது ஷூவை முதல் நாள் வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறையவில்லை என்றால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் ஆணிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டரை ஒட்டாதீர்கள், அதிலிருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். பிளேடால் செதுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலிபிரி வழியாக வெறுங்காலோடு திருமலை ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், நானும் ஏறியவன். ஆனால் பாதத்தில் மதமதப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள். கோயில் பிராகாரக் கல் மத்தியானம் சுடும்போது மற்றவர்கள் துள்ளி ஓடுவார்கள், சூடு தெரியாதவர் மெதுவாக நடந்து போவார், வீட்டுக்கு வந்த பிறகுதான் தோல் உரிந்திருப்பது தெரியும். விடியற்காலையில் கல் குளிர்ந்திருக்கும்போது போய் வாருங்கள்.

அடுத்து வாங்கும்போது லேஸ் வைத்ததையே வாங்குங்கள். கட் ஷூவுக்குப் பிடிமானமே இறுக்கம்தான், கால் வீங்கினால் அதில் தளர்த்த எதுவும் இல்லை. லேஸ் ஷூவிலும் டெர்பி மாடல் கேளுங்கள். லேஸ் கட்டும் இரண்டு பக்க மடலும் மேலே தனியாகத் திறக்கும், புறங்கால் மேடானவர்களுக்கும் சாயங்காலம் வீங்குபவர்களுக்கும் அது கொடுத்துப் போகும். ஆக்ஸ்ஃபோர்ட் மாடலில் மடல் அடியில் மூடித் தைத்திருப்பதால் அவ்வளவு இடம் தராது. லேஸைக் கட்டிய பிறகு குதிகால் எழும்பக் கூடாது, விரல்களை உள்ளே மடக்கி நீட்ட முடிய வேண்டும். குதி உயரம் ஓர் அங்குலம் போதும். அடிச்சோல் வழவழத் தோலாக இருந்தால் மெல்லிய ரப்பர் ஒன்று ஒட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஈரக் காலோடு மொசைக் தரையில் தோல் சோல் வழுக்கும், இந்த வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு.

நாம் வீட்டிலும் கோயிலிலும் நாளுக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிறவர்கள். அதனால் லேஸை அவிழ்க்காமலேயே காலைத் திணிக்கும் வழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. அப்படித் திணித்துத் திணித்துக் கவுண்டர் மடிந்துவிடும், மடிந்த விளிம்பு குதிகாலை அறுக்கும். ஒரு ஷூ ஹார்ன் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கரண்டியின் காம்பு போதும். முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் வேர்வை காய ஒரு நாள் ஆகும். நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள், வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

நீங்கள் வாங்கிய 9-ஐ என்ன செய்வது? நான்கைந்து நாள்தான் போட்டிருப்பீர்கள், கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கால் அளவு பொருந்தும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உள்ளே பஞ்சு வைத்தும் குதியில் துண்டு ஒட்டியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மடிப்பு இடம் மாறாத வரை கடி போகாது.

நைனாவின் ஜோடியை உங்கள் காலில் போட வேண்டாம். அதற்குள் அவருடைய பாதம் இருக்கிறது, உங்கள் பாதம் அந்தக் குழிகளில் உட்காராது. அலமாரியில் வைத்திருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை எடுத்து, பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தோல் முழுக்க மெல்லியதாகத் தடவுங்கள், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் மூடாதீர்கள். குடியாத்தம் பக்கம் வரும்போது அந்த ஜோடியையும் உங்கள் பிரவுன் பேப்பரையும் எடுத்துக்கொண்டு பேர்ணாம்பட்டு வாருங்கள். அவருடைய ஷூவின் ஜாடை கெடாமல் உங்கள் காலின் அகலத்துக்குக் கட்டை தேற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.